ஒரு சொல்லின் சுமை

ஆங்கிலத்தில் நீண்ட சொல் ஒன்றைக் கண்டால் நாம் அஞ்சுகிறோம். உடனே அகராதியைத் தேடுகிறோம். குறுகிய சொல் வந்தாலோ, ‘இது நமக்குத் தெரிந்ததுதானே’ என்று கடந்து போகிறோம். நான் கண்ட அளவில், தெரியாத சொல்லால் கெட்டவர்களைவிடத் தெரிந்த சொல்லால் கெட்டவர்களே மிகுதி. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘சார்ஜ்’. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாள்தோறும் வழங்கும் சொல் இது. பௌதிகம் பயிலும் எனக்கோ, பாடத்தின் முதற்பக்கத்திலேயே வரும் சொல். ஆதலால் இதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எப்படிப் பொய்த்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கு வந்து சேர்ந்த இளைய மாணவர் ஒருவர் ஒரு கடிதத்தோடு என் அறைக்கு வந்தார்.

“அண்ணா, விடுதி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. சார்ஜஸ் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் தெரியவில்லை” என்றார்.

நான் கடிதத்தை மேலாகப் பார்த்தேன். அறையில் மின்னடுப்பு வைத்திருந்ததைப் பற்றிய செய்தி. கீழே ‘சார்ஜஸ்’ என்ற சொல். ஏழு நாள் தவணை. “மின்சாரம் அதிகம் செலவானதற்குக் கட்டணம் போட்டிருப்பார்கள். உதவித்தொகை வந்ததும் கட்டிவிடு, தம்பி” என்றேன். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

அது கட்டணச் சீட்டு அன்று, குற்றச்சாட்டு. ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்பதே அதன் செய்தி. விளக்கம் வரவில்லையாதலால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொண்டார்கள். பத்தாம் நாள் அறையைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. உதவித்தொகையை நம்பிப் படிக்கும் அந்தத் தம்பி, அந்தப் பருவம் முடியும் வரை வெளியே வாடகைக்கு இடம் பிடித்துத் தங்க நேர்ந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. “நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணா? சொல் அப்படி இருக்கிறது” என்றார்.

சொல் உண்மையில் எப்படித்தான் இருக்கிறது என்று அன்றுதான் ஆராயத் தொடங்கினேன். கண்டவற்றை நண்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வண்டியில் ஏறிய பாரம்

பெரிய அகராதி ஒன்றை எடுத்துப் பார்த்தால் இச்சொல்லுக்குப் பொருள்கள் பத்தி பத்தியாக நீளும். கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, கட்டளை, பாய்ந்து தாக்குதல், துப்பாக்கியில் இடும் மருந்து, உலையில் கொட்டும் கனிமம், சொத்தின் மீதுள்ள பற்று, மின்னூட்டம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போல் தோன்றும். இவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை. வேரைப் பிடித்தால் கிளைகள் தாமே கைக்கு வரும்.

பழைய கால் இன மக்களின் மொழியில் சக்கர வண்டிக்கு வழங்கிய சொல்லை ரோமானியர் கடன் வாங்கிக் ‘கார்ரஸ்’ என்றனர். அதிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கப் பிற்கால இலத்தீனில் ‘கார்ரிகாரே’ என்ற வினை பிறந்தது. அது பிரெஞ்சில் உருத்திரிந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அவர்கள் மொழிச் சொற்கள் பல ஆங்கிலத்துள் நுழைந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. இதே குடும்பத்தில் பிறந்தவையே ‘கார்’, சுமந்து செல்லுதலைக் குறிக்கும் ‘கேரி’, ஸ்பானிய மொழி வழியாக வந்த கப்பல் சரக்காகிய ‘கார்கோ’ ஆகியவை. கேலிச் சித்திரத்தைக் குறிக்கும் ‘கேரிகேச்சர்’ கூட இத்தாலிய மொழியில் ‘பாரம் ஏற்றுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. மூக்கைச் சற்று மிகையாக ஏற்றி வரைவதுதானே கேலிச் சித்திரம்!

ஆக, ‘சார்ஜ்’ என்பதன் அடிப்படைப் பொருள் சுமை ஏற்றுதல். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பணச்சுமையை ஒருவர் மேல் ஏற்றினால் அது கட்டணம். குற்றத்தை ஏற்றினால் அது குற்றச்சாட்டு. ஒரு வேலையை ஏற்றினால் அது பொறுப்பு. வெடிமருந்தைத் துப்பாக்கியில் ஏற்றினால் அந்த மருந்தின் அளவு ‘சார்ஜ்’. ஒருவருடைய நிலத்தின் மேல் இன்னொருவருக்குச் சேரவேண்டிய பணத்தின் பாரம் ஏறியிருந்தால், அதுவும் ‘சார்ஜ்’. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 100-ஆம் பிரிவு, அடைமானம் ஆகாத இத்தகைய பற்றுக்கு இப்பெயரையே இட்டு வரையறுக்கிறது.

தமிழ் மாணவராகிய நமக்கு இது புதுமையான கற்பனை அன்று. நாமும் வரியைச் ‘சுமத்து’கிறோம், பழியைச் ‘சுமத்து’கிறோம், கடனைச் ‘சுமை’ என்கிறோம். இன்னும் ஆழமாகச் சென்றால் ‘பொறு’ என்ற வினை இருக்கிறது. பாரத்தைத் தாங்குதல் அதன் பொருள். அதிலிருந்தே ‘பொறை’ பிறந்தது. பொறை என்றால் சுமை. பொறை என்றால் பொறுமையுமாம். திருக்குறளில் ‘பொறையுடைமை’ ஓர் அதிகாரத்தின் பெயர். அதே வினையிலிருந்து வந்ததே ‘பொறுப்பு’. இரு மொழிகளும் எங்கோ தொலைவில் தனித்தனியே வளர்ந்தவை. ஆயினும் சுமையிலிருந்து கடமைக்குச் செல்லும் வழியை இரண்டும் கண்டுகொண்டன. ஆங்கிலத்தின் இந்தப் பன்முகச் சொல்லைத் தமிழன் புரிந்துகொள்ளத் தடை ஏதும் இல்லை. நாம்தான் தமிழை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆங்கிலத்தைப் பட்டியலாகப் படிக்கிறோம்.

போர்க்களத்துப் பொருளுக்கு மட்டும் ஒரு சொல் கூறவேண்டும். குதிரைப்படை பகைவர் மேல் பாய்ந்து செல்வதும் ‘சார்ஜ்’ எனப்படும். 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், கிரிமியப் போரில் பாலாகிளாவா என்னும் இடத்தில், ஆங்கிலேயரின் இலகு குதிரைப்படையினர் அறுநூறு பேருக்கு மேல் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். டென்னிசன் பாடிய கவிதையின் தலைப்பால் அந்தப் பாய்ச்சல் உலகறிந்ததாயிற்று. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் வரும் ‘லத்தி சார்ஜ்’ இந்தப் பொருளின் கிளையே. அதனைத் ‘தடியடி’ என்று தமிழ் ஏடுகள் அழகாகவே பெயர்த்தன.

சிறு சொற்களின் ஆட்சி

இத்தனை பொருளுள் எந்த இடத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நானும் அந்தத் தம்பியும் இடறினோம். ‘சார்ஜஸ்’ என்ற பெரிய எழுத்துகளைப் பார்த்தோம். அதனை அடுத்திருந்த ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற சொல்லைப் பார்க்கவில்லை.

தமிழில் ‘அவன்’ என்ற சொல்லோடு ஐ, ஆல், கு, இன், கண் முதலிய உருபுகள் சேர்ந்து பொருளை வேறுபடுத்துகின்றன. ‘அவனை அடித்தேன்’ என்பதற்கும் ‘அவனால் அடிபட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் உருபில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வன பெயருக்கு முன் வரும் சிறு சொற்கள். அவற்றை வேற்றுமை உருபுகளாக எண்ணிப் படித்தால் குழப்பம் நீங்கும்.

‘சார்ஜ் பார்’ என்று வந்தால், ஒரு பொருளுக்கோ பணிக்கோ உரிய கட்டணம். ‘சார்ஜ் வித்’ என்று வினையாக வந்தால், ஒரு குற்றத்தைச் சாட்டுதல். சில இடங்களில் ஒரு பணியை ஒப்படைத்தலும் ஆகும். ‘சார்ஜ் அகெய்ன்ஸ்ட்’ என்று ஓர் ஆளின் பெயரோடு வந்தால், அவருக்கு எதிரான குற்றச்சாட்டு. ‘சார்ஜ் டு’ என்று கணக்கின் பெயரோடு வந்தால், அந்தக் கணக்கில் பற்று எழுதுதல். ‘சார்ஜ் அட்’ என்றால் ஒருவர் மேல் பாய்தல்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. ‘இன் சார்ஜ் ஆப்’ என்றால், பொறுப்பை ஏற்றிருப்பவர் எழுவாய். ‘இன் த சார்ஜ் ஆப்’ என்று நடுவே ஒரு ‘த’ சேர்ந்தால், எழுவாய் மற்றொருவரின் பொறுப்பில் இருப்பவர். செவிலி குழந்தைக்குப் பொறுப்பு என்பதற்கு முதல் வடிவம். குழந்தை செவிலியின் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு இரண்டாம் வடிவம். ஒரே ஓர் எழுத்துச் சொல் சுமப்பவரைச் சுமையாக்கிவிடுகிறது!

நீதிமன்றச் செய்திகளைப் படிப்போர் இன்னொன்றையும் அறிதல் நலம். காவல்துறை புலனாய்வு முடிந்து நீதிமன்றத்தில் தரும் இறுதி அறிக்கையை வழக்கில் ‘சார்ஜ் ஷீட்’ என்கிறோம்; தமிழில் குற்றப்பத்திரிகை. அது தாக்கலானதாலேயே நீதிமன்றம் குற்றம் சாட்டிவிட்டது என்று ஆகாது. நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, அடிப்படை உண்டு என்று கருதினால்தான் குற்றச்சாட்டை வனைவார். அதுவே சட்டத்தின் நோக்கில் ‘சார்ஜ்’. குற்றச்சாட்டு வனைந்த பின்னரும், மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றவாளி அல்லர்.

இறக்கி வைத்தல்

ஏற்றுதல் இருந்தால் இறக்குதலும் இருக்குமன்றோ? அதுவே ‘டிஸ்சார்ஜ்’. இதன் பல பொருள்களும் அதே வேரால் விளங்கும்.

நோயாளியை மருத்துவமனை தன் பொறுப்பிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புவது டிஸ்சார்ஜ். துப்பாக்கி தன் மருந்தை வெளியேற்றுவது டிஸ்சார்ஜ். கடனைத் தீர்ப்பது டிஸ்சார்ஜ். ஆறு ஒரு நொடியில் வெளிவிடும் நீரின் அளவும் டிஸ்சார்ஜ். காவிரிச் செய்திகளில் நாம் படிக்கும் ‘கன அடி’ அதன் அளவே. நொடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர்.

நீதிமன்றத்திலும் இச்சொல் உண்டு. விசாரணைக்குப் போதிய அடிப்படையே இல்லை என்று தொடக்கத்திலேயே ஒருவரை விடுவிப்பது டிஸ்சார்ஜ். முழு விசாரணை நடந்து குற்றமற்றவர் என விடுவிப்பது வேறு. அதற்கு ‘அக்விட்டல்’ என்று பெயர். இரண்டையும் ‘விடுதலை’ என்று எழுதினால் செய்தி மயங்கும்.

நம் மாணவர் பலர் தவறும் இடம் மற்றொன்று. ஒருவர் தம் கடமையை ‘டிஸ்சார்ஜ்’ செய்தார் என்று நற்சான்றிதழில் எழுதியிருந்தால், கடமையை விட்டு ஓடினார் என்று பொருள் அன்று. சுமையைச் சேரவேண்டிய இடம் வரை சுமந்து சென்று இறக்கினார் என்பதே பொருள். அது பாராட்டு.

அறிவியலுக்கு வந்த சொல்

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். மற்ற இடங்களில் வழி காட்டிய ‘சுமை’ என்னும் உருவகம், இங்கே பாதி வழி காட்டிவிட்டுப் பாதி வழியில் ஏமாற்றுகிறது. ஆகவே சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது.

1745, 1746 ஆண்டுகளில் ‘லேடன் ஜாடி’ என்ற கருவி ஐரோப்பாவில் தோன்றியது. உரசலால் உண்டாக்கிய மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடியில் தேக்கி வைத்து, வேண்டும்போது பளீரென்று வெளிவிடலாம். மின்சாரத்தை ஒரு பாய்பொருள் என்றே அக்காலத்தவர் எண்ணினர். 1747 முதல் அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டன் நண்பர் காலின்சனுக்கு எழுதிய கடிதங்களில், ஜாடியைச் ‘சார்ஜ்’ செய்வது என்ற வழக்கைக் காணலாம். பாய்பொருள் மிகுந்தால் கூட்டல், குறைந்தால் கழித்தல் என்ற குறிகளையும் அவரே புகுத்தினார். பல ஜாடிகளை வரிசையாக இணைத்து, பீரங்கி வரிசையின் பெயரான ‘பாட்டரி’ என்பதையே அதற்கும் இட்டார். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் பாட்டரிக்குப் பெயர் வந்த வழி இதுவே.

ஆனால் அதே பிராங்கிளின் மற்றோர் உண்மையையும் கண்டார். ஜாடியின் உட்புறத்தில் எவ்வளவு மின்சாரம் சேர்கிறதோ, அவ்வளவு அதன் வெளிப்புறத்திலிருந்து நீங்குகிறது. மொத்தத்தில் ‘சார்ஜ்’ செய்த ஜாடியில் இருக்கும் மின்சாரம், செய்யாத ஜாடியில் இருந்த அளவே! சுமை ஏற்றியதாகப் பெயர். ஆனால் சுமை கூடவில்லை.

நம் கைப்பேசியிலும் இதுவே நடக்கிறது. அதன் லித்தியம் பாட்டரியை மின்செருகியில் மாட்டும்போது, உள்ளே லித்தியம் அயனிகள் நேர் மின்முனையிலிருந்து கரிப்பொருளால் ஆன எதிர் மின்முனைக்கு நகர்கின்றன. அவற்றுக்கு ஈடான எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியாக அதே பக்கம் போய்ச் சேர்கின்றன. பாட்டரியின் நிகர மின்னூட்டம் முன்னும் சுழி, பின்னும் சுழி. கூடுவது ஆற்றல். 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பாட்டரி முழுதும் நிரம்புவதற்குள் 18,000 கூலோம் மின்னூட்டம் அதனூடே கடந்து செல்கிறது, தங்குவதில்லை. தங்கினால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு கூலோம் நிகர மின்னூட்டம் உடைய இரு பொருள்களை வைத்தால், அவை ஒன்றையொன்று தள்ளும் விசை ஏறத்தாழ 9 இலட்சம் டன் எடைக்குச் சமம். பதினெட்டாயிரம் கூலோமைப் பையில் போட்டுக்கொண்டு யாரும் வகுப்புக்கு வர இயலாது!

மின்கட்டணமும் இத்தகைய மயக்கம் உடையதே. ‘எலெக்ட்ரிக் சார்ஜ்’ கூலோமால் அளக்கப்படுவது. ‘எலெக்ட்ரிசிட்டி சார்ஜஸ்’ ரூபாயால் அளக்கப்படுவது. அந்த ரூபாயும் மின்னூட்டத்துக்காக அன்று, ஆற்றலுக்காகவே வாங்கப்படுகிறது. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. அதாவது 36 இலட்சம் ஜூல்.

பிராங்கிளின் இட்ட கூட்டல் கழித்தல் குறிகள் இன்றும் நம்மோடு இருக்கின்றன. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது, கம்பியில் ஓடும் அத்துகள் கழித்தல் பக்கத்தில் விழுந்தது. அதனால்தான் மின்னோட்டத்தின் திசை என்று நாம் வரைவது, எலெக்ட்ரான் ஓடும் திசைக்கு நேர்மாறாக இருக்கிறது. 1909 முதல் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு செய்த சோதனைகள், மின்னூட்டம் பாய்பொருள் போலத் தொடர்ச்சியானது அன்று, சிறு சிறு கூறுகளின் மடங்காகவே வருவது என்று காட்டின. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் அந்தக் கூறு, 1.602176634 என்ற எண்ணைப் பத்தின் 19-ஆம் படியால் வகுத்து வரும் கூலோம் என்று மாறாத மதிப்பாக நிறுவப்பட்டுவிட்டது.

இன்றைய அறிவியலில் மின்னூட்டம் என்பது பொருளின் மேல் ஏற்றிய பாரம் அன்று. எலெக்ட்ரானிடமிருந்து பிரிக்கவே முடியாத அதன் பண்பு. சொல் வண்டியிலிருந்து வந்தது. பொருள் வண்டியை விட்டு இறங்கிவிட்டது. நம் பாடநூல்கள் ‘மின்னூட்டம்’ என்கின்றன. இலங்கைத் தமிழர் ‘மின்னேற்றம்’, ‘ஏற்றம்’ என்கின்றனர். ஊட்டுதல், ஏற்றுதல் என்ற இரண்டும் பிராங்கிளின் காலத்து உருவகத்தையே தமிழில் நினைவூட்டுவன. நல்ல சொற்கள்தாம். எனினும் தேர்வில் விடை எழுதும்போது சொல்லின் உருவகத்தை நம்பாமல் வரையறையை நம்பவேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

நான் கற்றுக்கொண்டவை மூன்று. முதலாவது, பல பொருள் உடைய சொல்லைப் பட்டியலாகக் கற்காமல் வேரிலிருந்து கற்பது. தமிழில் அதற்கு இணையான உருவகம் உண்டா என்று தேடிப் பார்ப்பது. இரண்டாவது, அச்சொல்லின் பக்கத்தில் நிற்கும் சிறு சொற்களை உருபுகளைப்போல் மதித்துப் படிப்பது. மூன்றாவது, அறிவியலிலும் சட்டத்திலும் அச்சொல் வந்தால், அந்தத் துறையின் வரையறையைக் கேட்ட பின்னரே பொருள் கொள்வது.

நான்காவது ஒன்றும் உண்டு. அது இலக்கணத்தைச் சேர்ந்தது அன்று. ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்திருக்கும் நம்மிடம் இளையவர் ஒருவர் கடிதத்தோடு வந்து ‘அண்ணா, அக்கா, இது என்ன?’ என்று கேட்கும்போது, நமக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை முந்திக்கொள்கிறது. முழுக் கடிதத்தையும் படிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவிடவில்லை. அதன் விலையை வேறொருவர் கொடுத்தார். ஐயம் இருந்தால் ‘தெரியவில்லை, வா, அலுவலகத்தில் கேட்போம்’ என்று கூறி உடன் செல்வதில் இழிவு எதுவும் இல்லை.

அந்தத் தம்பி அடுத்த பருவத்தில் மீண்டும் விண்ணப்பித்து விடுதிக்கே வந்துவிட்டார். அந்த விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதினோம். இப்போதும் அவருக்கு வரும் கடிதங்களை என்னிடம் கொண்டு வருகிறார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். கேட்கப்பட்டவர் சொல்லும் பொருளுக்குக் கேட்கப்பட்டவரே பொறுப்பு. ‘சார்ஜ்’ என்ற சொல்லின் பொருள்களுள் நான் இறுதியாகக் கற்றது அதுவே.